தற்காப்புக் கலை கற்கச் சேருமுன்: கலையையும் பயிற்சிக்கூடத்தையும் தேர்ந்தெடுக்கும் முறை

தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் எதிலும் கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ, குங்ஃபூ என்று ஏதேனும் ஒரு வகுப்பின் விளம்பரப் பலகை கண்ணில் படாமல் இராது. பெருநகரங்களில் இவற்றோடு குத்துச்சண்டை, மூய் தாய், பிரேசிலிய ஜியு-ஜிட்சு, கிராவ் மகா ஆகியவையும் சேர்ந்துகொண்டன. சேர விரும்புபவர் முதலில் கேட்பது ‘இவற்றுள் எது சிறந்தது?’ என்பதுதான். இத்துறையில் நெடுநாள் புழங்கியவர்கள் இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை தரத் தயங்குவார்கள். ஒரே கலையை ஒரே ஊரில் கற்பிக்கும் இரண்டு கூடங்களுக்கு இடையிலான வேறுபாடு, இரண்டு கலைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம் என்பதே அதற்குக் காரணம். எனவே கலைகளை வரிசைப்படுத்துவதைவிட, ஒரு கூடத்துக்குள் சென்று எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்கே இக்கட்டுரையில் கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது.

எந்த ஆபத்துக்காக?

தற்காப்பு என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது, இருட்டுத் தெருவில் வழிமறிக்கும் முகமறியாத ஆள். அப்படிப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. ஆயினும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தொகுப்புகளைப் பார்த்தால், பாலியல் வல்லுறவு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவராக இருக்கிறார்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், மேலதிகாரி. தெரிந்தவரின் கையைத் தட்டிவிடவும், குரலை உயர்த்தவும், அந்த இடத்தைவிட்டு வெளியேறவும் வேண்டிய துணிவு, முகமறியாதவரை உதைப்பதற்கு வேண்டிய துணிவிலிருந்து வேறானது. அதை எந்தக் கட்டாவும் (கராத்தேயில் தனியாகச் செய்து பழகும் அசைவுத் தொடர்) தானாகக் கற்றுத் தராது.

ஆகவே முதற்பணி, உங்கள் வாழ்க்கையில் உண்மையிலேயே நேரக்கூடிய இரண்டு மூன்று சூழல்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. நெரிசலான பேருந்தில் உரசுபவர், இரவுப் பணி முடிந்து திரும்பும் வழியில் பின்தொடர்பவர், குடித்துவிட்டு வாசலில் வந்து சண்டைக்கு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர், பள்ளியில் மகனைத் தொடர்ந்து அடிக்கும் மூத்த வகுப்பு மாணவன் ஆகியோரை எதிர்கொள்ள வேண்டிய திறன்கள் ஒன்றல்ல. இருசக்கர வண்டியில் வந்து சங்கிலியைப் பறிப்பவரிடம் எந்த அடிமுறைக்கும் நேரமிருப்பதில்லை. அங்கே உயிரைக் காப்பது, இழுபட்டு விழும்போது தலை தரையில் மோதாமல் விழத் தெரிந்திருப்பதே. இப்படி எழுதிப் பார்த்தபின் வகுப்பு தேடினால், ‘எல்லாவற்றுக்கும் எங்களிடம் விடை இருக்கிறது’ என்று சொல்பவரிடம் எளிதில் மயங்க மாட்டீர்கள்.

கூடவே உடலையும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் தேய்மானம், முதுகுத்தண்டுச் சிக்கல், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் ஆகியவை இருப்போர் மருத்துவரைக் கேட்காமல் சேரக்கூடாது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தவறாமல் போய்வரக்கூடிய தொலைவில் உள்ள சுமாரான கூடம், போக்குவரத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் செலவழித்துச் சென்றடையும் புகழ்பெற்ற கூடத்தைவிடப் பயன் தரும். பின்னதை மூன்றாம் மாதத்தில் கைவிட்டுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது.

பயிற்சி முறையே உரைகல்

1882ஆம் ஆண்டில் தோக்கியோவின் ஒரு புத்தர் கோயிலில், ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தமது கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜூஜுட்சு மரபுகளிலிருந்து உயிருக்கு ஆபத்தான அடிகளையும் சில மூட்டு முறிப்புகளையும் பயிற்சியிலிருந்து விலக்கினார். எஞ்சிய வீசுமுறைகளையும் பிடிகளையும், முழு வலிமையோடு எதிர்க்கும் கூட்டாளியின்மேல் நாள்தோறும் செய்து பார்க்கும்படி மாணவர்களைப் பழக்கினார். ராண்டோரி எனப்படும் இந்தக் கட்டற்ற பயிற்சிதான் ஜூடோவின் உயிர்நாடி. காற்றில் மட்டும் செய்து பழகிய கொடிய அடியைவிட, விட்டுக்கொடுக்காத ஆளின்மேல் ஆயிரம் முறை செய்து பழகிய எளிய வீச்சு நெருக்கடியில் கைகொடுக்கும் என்பது இம்முறையின் அடிப்படை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழிக்குச் சண்டைப் பயிற்சியைவிடப் பொருந்தும் இடம் வேறில்லை.

ஆபத்து வரும்போது இதயம் படபடக்கும், கை நடுங்கும், பார்வை குறுகும், நுட்பமான விரலசைவுகள் கைவிட்டுப் போகும். எதிர்ப்பைச் சந்தித்தே இராத ஒருவர் அந்நிலையில் உறைந்து நிற்பது இயல்பு. எனவே எந்தக் கலையாயினும், கூட்டாளி உண்மையிலேயே தடுக்கவும் திருப்பித் தாக்கவும் உரிமை பெற்ற பயிற்சி வாரந்தோறும் நடக்கிறதா என்பதே முதன்மையான உரைகல். அது மென்மையாகத் தொடங்கலாம், காப்புக் கவசங்களோடு நடக்கலாம், விதிகளோடு நடக்கலாம். ஆனால் நடக்க வேண்டும்.

நம் ஊரில் கிடைக்கும் கலைகள்

கராத்தே எங்கும் கிடைக்கிறது. அதன் தரமும் எல்லா அளவிலும் கிடைக்கிறது. கிச்சின் ஃபுனகோஷி 1922இல் ஒகினாவாவிலிருந்து தோக்கியோ சென்று அதைச் செய்து காட்டியபின் அக்கலை பல கிளைகளாகப் பிரிந்தது. அவற்றுள் ஷோடோகான், கோஜு-ரியூ, ஷிடோ-ரியூ, இஷின்-ரியூ ஆகிய பெயர்களை நம் ஊர்ப் பலகைகளில் காணலாம். போட்டிக் கராத்தேயில் அடி பட்டதும் நடுவர் நிறுத்திப் புள்ளி தருவார். ஆகவே வேகமும் தொலைவறிதலும் வளரும். அடி வாங்கிக்கொண்டே தொடர்ந்து இயங்கும் பழக்கம் வளராது. கியோகுஷின் கிளையில் உடலின்மேல் முழு வலிமையோடு அடிப்பார்கள், ஆனால் முகத்தில் கையால் குத்துவதில்லை. எந்தக் கிளையானாலும் கட்டாவும் வரிசை நடையும் வகுப்பு நேரம் முழுவதையும் விழுங்கிவிடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். டேக்வாண்டோவுக்கும் இதுவே பொருந்தும். ஒலிம்பிக்கில் ஆடப்படும் அதன் வடிவத்தில் தலையைக் காலால் உதைக்கலாம், கையால் குத்த முடியாது. அதனால் கைக்காப்பு தாழ்ந்துபோகும் பழக்கம் பல மாணவர்களிடம் காணப்படுகிறது.

குத்துச்சண்டைக்குச் சென்னையில், குறிப்பாக வடசென்னையில், பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய நீண்ட வரலாறு உண்டு. நான்கே நான்கு குத்துகள், தலையசைவு, காலசைவு என்று கற்பிப்பது குறைவாகத் தோன்றினாலும், ஆறு மாதத்தில் ஒருவரை உருப்படியாகத் தயார்ப்படுத்துவதில் இதற்கு நிகரானவை சிலவே என்பது என் கருத்து. குத்து தன்னை நோக்கி வரும்போது கண்ணை மூடாமல் நிற்கப் பழகுவதே பாதித் தற்காப்பு. குறைகளும் இல்லாமல் இல்லை. கட்டும் கையுறையும் இல்லாத வெறுங்கையால் தலையெலும்பைக் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவது மிகவும் வழக்கமான காயம். ஆகவே தற்காப்புக்கு உள்ளங்கையால் அடிக்கவும் பழக வேண்டும். தலையில் அடிபடுவதற்கும் வரம்பு வேண்டும். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்குமே ஒழிய மூளை அதிர்ச்சியைத் தடுத்துவிடாது. தாய்லாந்தின் மூய் தாய் இதே வழியில் முழங்கை, முழங்கால், கழுத்துப் பிடி ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பிப்பதால் நெருக்கத்தில் இன்னும் பயனுடையது.

பிடித்து உருளும் கலைகளான ஜூடோவும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும் வேறு வகையில் பயன் தருகின்றன. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த, பல கலைகளைச் சேர்ந்தவர்கள் மோதும் யு.எஃப்.சி.யின் முதல் போட்டியில், உடலளவில் பெரியவர்களை ராய்ஸ் கிரேசி தரையில் வீழ்த்தி அடக்கியதன்பின் ஜியு-ஜிட்சு உலகெங்கும் பரவியது. தன்னைவிடக் கனமானவர் மேலே அமர்ந்திருக்கும்போது பதறாமல் மூச்சுவிடவும், இடைவெளி உண்டாக்கவும், எழுந்து விலகவும் கற்றுத் தருவது பெண்களுக்கு மிகவும் வேண்டியது. ஆனால் தெருவில் தரையில் உருண்டுகொண்டிருப்பது, எதிரியின் நண்பர்கள் சுற்றி நிற்கையில் ஆபத்து. எனவே அடக்குவதைவிட எழுவதற்கு முதலிடம் தரும் கூடமே தற்காப்புக்கு ஏற்றது. ஜூடோவில் முதல் மாதமே கற்றுத் தரப்படும் விழும் முறை, சண்டையே வராதவருக்கும் குளியலறையில் வழுக்கும் நாளில் உதவும். தெருச் சண்டையில் உயிர் போவது பல நேரங்களில் குத்தினால் அல்ல, குத்து வாங்கியவர் சாய்ந்து தலை தார்ச்சாலையில் மோதுவதால்தான்.

சிலம்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றபின் அதற்கு மதிப்புக் கூடியிருக்கிறது, வகுப்புகளும் பெருகியிருக்கின்றன. சுவடு எனப்படும் காலடி முறைகளும், தொலைவைக் கணிக்கும் கண்ணும், இரண்டு கையையும் ஒருங்கே இயக்கும் பழக்கமும் எந்தச் சண்டைக்கும் அடித்தளமாக அமையக்கூடியவை. நீளக் கம்பில் பழகிய கைக்குக் குடையும் துடைப்பக் கட்டையும்கூட ஆயுதம். ஆனால் இன்றைய வகுப்புகள் பலவற்றில் நடப்பது அலங்கார வீச்சு மட்டுமே: மேடைக்கும் ஊர்வலத்துக்கும் ஏற்ற, கண்ணுக்கு இனிய சுழற்சி. தற்காப்புக்காகச் சேர்பவர், அந்த ஆசான் தொடுமுறைப் பயிற்சி தருகிறாரா, அதாவது இருவர் எதிரெதிர் நின்று ஒருவரையொருவர் கம்பால் தொட முயலும் பயிற்சி உண்டா என்று கேட்க வேண்டும். அதனோடு குத்துவரிசை என்னும் வெறுங்கைச் சண்டையையும் பிடிமுறைகளையும் கற்பிக்கும் ஆசான் கிடைத்தால் அவரைவிட்டு அகல வேண்டியதில்லை. கன்னியாகுமரி வட்டாரத்தில் அடிமுறை என்னும் மரபுச் சண்டைக்கலையைக் கற்பிக்கும் ஆசான்கள் இன்றும் உள்ளனர், அம்மரபு ஆழமானது. ஆயினும் வர்மப் புள்ளியைத் தொட்டாலே ஆள் விழுவான் என்று சொல்லி, அதை எதிர்க்கும் ஆளிடம் ஒருமுறையும் செய்து காட்டாதவரை நம்பி உங்கள் பாதுகாப்பை ஒப்படைக்க வேண்டாம்.

கிராவ் மகா இஸ்ரேலின் படைக்காக இமி லிச்டென்ஃபெல்ட் உருவாக்கியது. சூழலை ஒட்டிய பயிற்சி என்பது அதன் பலம். சில நாள் முகாமிலேயே பயிற்றுநர் சான்றிதழ் பெற்றுவந்தவர்களும் அப்பெயரில் வகுப்பெடுப்பது அதன் பலவீனம். ஜப்பானின் ஐக்கிடோ அழகிய கலை. எதிராளி ஒத்துழைக்கும் பயிற்சியே அதில் மிகுதி என்பதால் தற்காப்பை மட்டுமே நாடுபவருக்கு அதை முதலில் பரிந்துரைக்க மாட்டேன்.

வகுப்பை நேரில் பார்த்தல்

எந்தக் கூடத்திலும் பணம் கட்டுமுன் குறைந்தது ஒரு முழு வகுப்பையாவது ஓரமாக அமர்ந்து பார்க்க வேண்டும். பார்க்கவே அனுமதிக்காத கூடத்தை அங்கேயே விட்டுவிடலாம். செயல்விளக்க நாளுக்கோ ஆண்டுவிழாவுக்கோ போய்ப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. தீப்பற்றிய ஓடுகளைக் கையால் உடைப்பது, வயிற்றின்மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றுவது, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ‘உலக சாதனை’ என்று கம்பு சுற்ற வைப்பது ஆகியவை விளம்பரத்துக்கு உதவலாம். ஓடு திருப்பி அடிப்பதில்லை.

சாதாரண மாலை வகுப்பில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கவனியுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டம், குதிப்பு, தண்டால் ஆகியவற்றுக்கு எவ்வளவு? வரிசையில் நின்று காற்றில் குத்துவதற்கு எவ்வளவு? கூட்டாளியோடு பழகுவதற்கு எவ்வளவு? மூன்றாவது பகுதி மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், அது நல்ல உடற்பயிற்சி வகுப்பாக இருக்கலாம், தற்காப்பு வகுப்பாகத் தேறாது. கூட்டாளிப் பயிற்சியிலும், தாக்குபவர் ஒரே ஒரு குத்தை நீட்டிவிட்டு அப்படியே சிலைபோல் நிற்க, மற்றவர் நான்கைந்து அடிகளை அடுக்கும் காட்சி வகுப்பு முழுதும் தொடர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள். புதிதாகக் கற்கும்போது அப்படித் தொடங்குவது தவறில்லை; வேகமும் எதிர்ப்பும் படிப்படியாகக் கூட்டப்படுகின்றனவா என்பதே கேள்வி.

அடுத்ததாக, கூடத்திலேயே மெலிந்த ஆளையும் நேற்றுச் சேர்ந்தவரையும் கவனியுங்கள். மூத்த மாணவர்கள் அவர்களோடு பழகும்போது வலிமையைக் குறைத்துக்கொள்கிறார்களா, அல்லது அவர்களை வைத்துத் தங்கள் வீரத்தைக் காட்டுகிறார்களா? ‘போதும்’ என்று தட்டினால் அந்தக் கணமே பிடி தளர்கிறதா? காயம்பட்டவர்கள் எத்தனைபேர் ஓரமாக அமர்ந்திருக்கிறார்கள்? தலையில் அடிபட்டுத் தடுமாறியவரை மாஸ்டர் உடனே வெளியே அமர்த்துகிறாரா, ‘இதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று மறுபடி உள்ளே அனுப்புகிறாரா? பின்னதைச் செய்பவரிடம் சேரவே கூடாது. தரையையும் பாருங்கள். மொட்டை மாடிச் சிமெண்ட் தரையில் சிலம்பமும் குத்துப் பயிற்சியும் நடக்கலாம், வீசுமுறைகள் நடக்கக்கூடாது. அதற்கு மெத்தை விரிப்பு வேண்டும், அல்லது கடற்கரை மணல் வேண்டும்.

பெண்கள் எத்தனைபேர் இருக்கிறார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனைபேர் ஓராண்டைக் கடந்தவர்கள் என்றும் கேளுங்கள். சேர்வோர் பலராகவும் நிலைத்திருப்போர் சிலராகவும் இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை மாஸ்டரிடம் கேட்பதைவிட, வகுப்பு முடிந்து காலணி போட்டுக்கொண்டிருக்கும் பெண்களிடம் கேட்பது நல்லது. துப்பட்டா, தோள்பை, இறுக்கமான பணியாடை, செருப்பு ஆகியவற்றோடு எப்போதாவது பயிற்சி நடக்கிறதா என்றும் கேட்கலாம். வெள்ளைச் சீருடையில் மட்டுமே பழகிய காலுக்குச் சேலைக்கட்டு திடீரென்று தடையாகும்.

மாஸ்டரிடம் கேட்க ஒரு கேள்வி போதும் என்றால், நான் பரிந்துரைப்பது இது: ‘ஒருவன் கத்தியோடு வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?’ விடை ‘ஓடுங்கள், முடியாவிட்டால் நடுவில் ஒரு மேசையையோ வண்டியையோ வைத்துக்கொள்ளுங்கள், கேட்பது பணமென்றால் கொடுத்துவிடுங்கள்’ என்று தொடங்கினால் அவர் உண்மையை அறிந்தவர். உடனே மணிக்கட்டைப் பிடித்துத் திருகிக் கத்தியைப் பறித்துக் காட்டினால், அவர் ரப்பர் கத்தியோடு மட்டுமே பழகியவராக இருக்கக்கூடும். அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவல் பயிற்றுநர் டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதியது காவல் துறைகளில் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது: கத்தி ஏந்திய ஆள் 21 அடித் தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை நொடி போதும். இடுப்பில் துப்பாக்கி உள்ள காவலருக்கே அத்தொலைவு ஆபத்து என்றால் வெறுங்கையருக்கு என்ன சொல்ல?

இரண்டாம் கேள்வி ஒன்றும் வைத்துக்கொள்ளலாம்: ‘உங்களுக்குக் கற்றுத் தந்தவர் யார், இப்போதும் யாரிடமாவது கற்கிறீர்களா?’ தம் ஆசான் பெயரைத் தயங்காமல் சொல்பவரும், வேறு கூடத்துக்குப் போய்த் தம் மாணவர்கள் பழகுவதைத் தடுக்காதவரும் நம்பத்தக்கவர். பிற கலைகளை இழித்துப் பேசுவது, தம் நுட்பம் ‘மிகக் கொடியது, அதனால் ஸ்பேரிங்கில் (கூட்டாளியோடு மோதிப் பழகும் பயிற்சியில்) பயன்படுத்த முடியாது’ என்பது, கேள்வி கேட்ட மாணவரை அவமதிப்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் வேறு இடம் தேடுவதே முறை.

பெல்ட்டும் பணமும்

மாதக் கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும். பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் நடக்கும் வகுப்புகளுக்குச் சில நூறு ரூபாய், குளிரூட்டிய நகரக் கூடங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் என்பது பொதுவான நிலை. மறைந்திருப்பது மற்ற செலவுகள்: சீருடை, காப்புக் கவசம், பெல்ட் டெஸ்ட், சான்றிதழ், போட்டி நுழைவு, பயணம். ஓராண்டில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கொரு பெல்ட் டெஸ்ட் வைத்து, எழுதியவர் எல்லாரும் தேறும் கூடத்தில் நீங்கள் வாங்குவது துணிப்பட்டை. ஆண்டு முழுவதற்கும் முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் மாதந்தோறும் கட்டுங்கள்.

பத்து வயதுப் பிள்ளையின் இடுப்பில் கறுப்புப் பட்டையைக் காணும்போது பெற்றோர் மகிழ்வது இயற்கை. ஆனால் சர்வதேசப் பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி 16 வயதுக்கு முன் நீலப் பட்டையும் 19 வயதுக்கு முன் கறுப்புப் பட்டையும் கிடையாது. டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் 15 வயதுக்குட்பட்டோருக்கு ‘டான்’ என்ற கறுப்புப் பட்டைத் தகுதியைத் தராமல் ‘பூம்’ என்ற தனித் தகுதியைத் தருகிறது. பெரியவரோடு மோதும் நிலையில் பிள்ளையின் பட்டைக்கு மதிப்பில்லை என்பதை அவ்வமைப்புகளே அறிந்திருக்கின்றன. சான்றிதழில் உள்ள சங்கச் சின்னங்களின் எண்ணிக்கையும் தரத்துக்குச் சான்றாகாது. விளையாட்டு ஒதுக்கீட்டுக்காகச் சேர்ப்பவர்கள், எந்தக் கூட்டமைப்பின் எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப் போகும்போதே மாவட்ட விளையாட்டரங்கில் என்னென்ன பயிற்சிகள் நடக்கின்றன என்றும் விசாரிக்கலாம். கட்டணம் பெரும்பாலும் தனியார் கூடங்களைவிடக் குறைவு.

பிள்ளைகளைச் சேர்க்கும்போது

பிள்ளைகளைப் பொறுத்தவரை, கலையைவிடக் கற்பிப்பவரின் நடத்தையை முதலில் பார்க்க வேண்டும். பெற்றோர் எந்த நேரத்திலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்ற விதி வேண்டும். திருத்துவதற்காகத் தொடும்போது எல்லார் முன்னிலையிலும், சொல்லிவிட்டுத் தொட வேண்டும். தனிப்பட்ட முறையில் பிள்ளைக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது, ஒருவரை மட்டும் வகுப்புக்குப் பின் நிறுத்திக்கொள்வது, வெளியூர்ப் போட்டிக்குப் பெற்றோர் துணையின்றி அழைத்துச் செல்ல வற்புறுத்துவது ஆகியவற்றை மரியாதை கருதிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். கூடத்தின் பெயர் கெடும் என்று மறைப்பவரும் குற்றத்துக்கு ஆளாவார். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிரம்பால் அடிப்பதையும், கரடுமுரடான தரையில் விரல்முட்டியால் தண்டால் எடுக்க வைப்பதையும் ஒழுக்கம் என்று சொல்பவரிடம் பிள்ளையை விட வேண்டாம்.

குறுகிய காலப் பயிற்சிகள்

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் மகளிர் தினத்தையொட்டி நடத்தப்படும் இரண்டு மணி நேர முகாம்களில் நான்கு கைப்பிடி விடுவிப்புகளைக் காட்டிவிட்டுப் படமெடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அவற்றால் கிடைப்பது பொய்யான துணிவு. எனினும் குறுகிய காலப் பயிற்சி எல்லாமே வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரிடம் சார்லீன் சென் என்ற உளவியலாளர் தலைமையில் நடந்த ஆய்வு, 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. மற்றவர்களுக்குத் துண்டறிக்கைகள் மட்டும். ஓராண்டுக்குப்பின், வல்லுறவுக்கு ஆளானோர் துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8 விழுக்காடு, பயிற்சி பெற்றவர்களில் 5.2 விழுக்காடு.

அந்த 12 மணி நேரத்தில் கற்பிக்கப்பட்டது அடியும் உதையும் மட்டுமல்ல. தெரிந்த ஆணின் நடத்தையில் ஆபத்தின் அறிகுறிகளை இனங்காண்பது, ‘தப்பாக நினைத்துவிடுவாரோ’ என்ற தயக்கத்தைக் கடப்பது, குரலால் மறுப்பது, தேவையானால் உடலால் எதிர்ப்பது என்ற வரிசையில் அது அமைந்தது. நம் ஊரில் ஒரு முகாமைத் தேர்ந்தெடுப்பவர் இதையே அளவுகோலாகக் கொள்ளலாம். பெண் பிள்ளை சத்தம் போடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நிறைந்த அறையில், ‘கையை எடு!’ என்று உரத்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் பயிற்றுநர், அதைச் செய்யாமல் பத்து மூட்டுப் பூட்டுகளைக் கற்றுத் தருபவரைவிட மேலானவர். கராத்தேயில் குரலெழுப்பும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அந்த ஒலியின் இடத்தில் சொற்களை வைக்கும்படி உங்கள் மாஸ்டரிடமே கேட்கலாம்.

சட்டம் தரும் உரிமையும் வரம்பும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், தன் உடலையும் பிறர் உடலையும் சொத்தையும் காத்துக்கொள்ளும் உரிமையைப் பேசுகின்றன. முன்பு இவை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தன. ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் எழும்போதே அந்த உரிமை தொடங்குகிறது. முதல் அடியை வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிகிறது. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்ய இடமில்லை. காவல் துறையை நாட நேரமிருந்தபோது இந்த உரிமையைக் கோர முடியாது. மரணம், கொடுங்காயம், வல்லுறவு, ஆள்கடத்தல், அமில வீச்சு போன்றவற்றுக்கான நியாயமான அச்சம் இருந்தால் தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கும் உரிமை நீள்கிறது என்று 38ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் விழுந்து கிடப்பவரை மேலும் உதைத்தால் அது தற்காப்பாகாது. கண்காணிப்புக் கேமராக்கள் தெருவெங்கும் இருக்கும் காலத்தில் அந்தக் கடைசி உதையே வழக்கின் போக்கைத் திருப்பிவிடக்கூடும். ‘விழுந்ததும் முகத்தில் மிதி’ என்று முடியும் வரிசையை நாள்தோறும் பழக்கும் கூடம், மாணவரை வழக்கில் மாட்டிவிடப் பழக்குகிறது என்றே சொல்வேன். அடித்து விலகி, ஓடி, 112ஐ அழைப்பதோடு முடியும் வரிசையைப் பழக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

சேர்ந்த பின்

முதல் மாதம் உடம்பு வலிக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மூன்றாம் மாத முடிவில், தொடக்கத்தில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். ஒத்துழைக்காத கூட்டாளியிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு விலக முடிகிறதா? விழுந்தால் தலையைக் காத்துக்கொண்டு எழ முடிகிறதா? இரண்டு நிமிடம் இடைவிடாமல் முழு வேகத்தில் இயங்கிய பின்னும் பேசவும் ஓடவும் மூச்சு மிஞ்சுகிறதா? இவற்றில் ஒன்றில்கூட முன்னேற்றம் இல்லையென்றால் மாஸ்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்லவர் என்றால் பயிற்சியை மாற்றித் தருவார், அல்லது தமக்குத் தெரிந்த வேறு கூடத்தைக் கைகாட்டுவார். ஓராண்டுக்குப்பின் இரண்டாவது கலை ஒன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால், அடிக்கும் கலையில் இருப்பவர் பிடிக்கும் கலையையும், பிடிக்கும் கலையில் இருப்பவர் அடிக்கும் கலையையும் நாடுவது நல்லது. அதற்கு முன்பே இரண்டு மூன்று கூடங்களில் ஒருசேரச் சேர்ந்தால் எதிலும் கால் ஊன்றாது.